இபன் பதூதாவைத் தேர்வுக்குப் படிக்கும்போது: கண்டது எது, கேட்டது எது?

14-ஆம் நூற்றாண்டு மொராக்கோப் பயணி இபன் பதூதா பற்றிய விடைகளில் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். அவருடைய பயண நூலான ரிஹ்லாவில் உள்ள எல்லாமே அவர் கண்ணால் பார்த்தது என்று எழுதிவிடுகிறார்கள். "தலைநகர் மாற்றத்தை நேரில் கண்ட இபன் பதூதா" என்று தொடங்கும் விடை முதல் வரியிலேயே தவறு. சுல்தான் முகமது பின் துக்ளக் தலைநகரை டெல்லியிலிருந்து தக்காணத்தின் தௌலதாபாத்துக்கு மாற்றியது 1327 வாக்கில். வெள்ளிக்குப் பதிலாக மலிவு உலோகத்தில் அவர் வெளியிட்ட அடையாள நாணயம் 1329–30. இபன் பதூதா சிந்து நதிக்கரையை அடைந்ததோ 1333 செப்டம்பரில். டெல்லியில் கால் வைப்பதற்கு முன்பே இரண்டு திட்டங்களும் நடந்து முடிந்துவிட்டன.

எனவே குறிப்பெடுக்கும்போது பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் கேட்டது. கியாசுதீன் துக்ளக் 1325-இல் பந்தல் சரிந்து இறந்ததும், அது மகன் முகமது பின் துக்ளக்கின் சதி என்பதும் வலப்பக்கம். அந்தச் செய்தியை முல்தான் சூஃபி ஞானி ஷேக் ருக்னுதீன் சொல்லக் கேட்டதாக அவரே குறிப்பிடுகிறார். டெல்லியில் தங்கிவிட்ட பார்வையற்ற ஒருவரைத் தௌலதாபாத் வரை இழுத்துச் செல்ல, கால் மட்டும் போய்ச் சேர்ந்தது என்ற கதையும் வலப்பக்கம்தான். அவர் தாமே பார்த்து எழுதிய டெல்லி, 28 வாயில்கள் கொண்ட, மக்கள் நிறைந்த மாநகர். நகரம் முழுவதும் காலியானது என்ற கூற்றை இந்த ஒரு முரணை வைத்தே கேள்விக்கு உட்படுத்தலாம். அக்கால வரலாற்றாசிரியர் பரணியின் கூற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் விடைக்குக் கனம் கூடும்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்ய ஒரு வழி: 1325 இருவருக்கும் பொது. இபன் பதூதா 21 வயதில் மொராக்கோவின் தாஞ்சியரை விட்டு ஹஜ்ஜுக்குக் கிளம்பியதும், முகமது பின் துக்ளக் அரியணை ஏறியதும் அதே ஆண்டில். டெல்லியில் காஜி (நீதிபதி) பதவி, 1342-இல் சீனத்துக்குத் தூதராகப் புறப்பாடு, கோழிக்கோட்டில் புயலில் கப்பல் இழப்பு, மாலத்தீவில் மீண்டும் காஜி, இலங்கை, மதுரை, வங்காளம், சுமத்ரா, சீனம் என்ற வரிசை போதும். 1349-இல் ஃபெஸ் திரும்பினார். அத்துடன் பயணம் முடிந்தது என்று எழுதுவது இன்னொரு பிழை. ஸ்பெயினின் அந்தலூசியாவும் 1352–53-இல் மாலிப் பேரரசும் அதற்குப் பிறகுதான்.

நூல் எப்படி உருவானது என்பதைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். விமர்சன நோக்கில் மதிப்பிடச் சொல்லும் வினாவுக்கு அதுதான் அடித்தளம். மொராக்கோவை ஆண்ட மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இபன் பதூதா வாய்மொழியாகச் சொல்ல, இபன் ஜுஸய் என்ற அறிஞர் எழுதினார், 1355-இல் முடிந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டு நினைவுகள் அவை. புகாராவில் எழுதிவைத்த குறிப்புகள் பிறகு கடலில் பறிபோனதையும் அவரே சொல்கிறார். மக்கா, மதினா, டமாஸ்கஸ் வர்ணனைகளில் 12-ஆம் நூற்றாண்டுப் பயணியான இபன் ஜுபைரின் வரிகள் கலந்திருக்கின்றன. காலக்கணக்கும் இடிக்கிறது: 1332-இல் மக்காவை விட்டதாகவும் 1333-இல் சிந்துவை அடைந்ததாகவும் ரிஹ்லா சொல்கிறது. இடையில் அனடோலியா, தங்க ஹோர்டு என்ற மங்கோலிய அரசு, கான்ஸ்டாண்டிநோபிள், மத்திய ஆசியா எல்லாம் அந்தக் குறுகிய காலத்துக்குள் அடங்காது. இதற்காக நூலையே பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. அப்படி எழுதும் விடைகளும் உண்டு, அவையும் தேறுவதில்லை.

நம்பகமான பகுதிக்கு அஞ்சல் முறையைவிட நல்ல உதாரணம் இல்லை. எண்களோடு எழுதுங்கள். குதிரை அஞ்சல் 'உலுக்', நான்கு மைலுக்கு ஒரு நிலை. ஆட்கள் ஓடிச் சேர்க்கும் அஞ்சல் 'தாவா', ஒரு மைலுக்கு மூன்று நிலைகள். ஓட்டக்காரரின் கையில் இரண்டு முழக் கோல், அதன் நுனியில் செப்பு மணிகள். மணி கேட்டதும் அடுத்த நிலையில் இருப்பவர் தயாராகிவிடுவார். சிந்துவிலிருந்து டெல்லிக்கு மக்கள் 50 நாள் நடக்கும் தூரத்தை ஒற்றர் செய்தி ஐந்தே நாளில் கடந்தது. பெயர்களை இடம் மாற்றிவிடாதீர்கள். கொள்குறி வினாவில் பொறி வைக்க ஏற்ற இடம் அது.

தமிழ்நாட்டு மாணவர்கள் விட்டுவிடக் கூடாதது மதுரை. அவர் மணந்த பெண்களில் ஒருவர் மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுதீன் அசன் கானின் மகள். அப்போதைய சுல்தான் கியாசுதீன் தம்கானியின் மனைவி அந்தப் பெண்ணின் சகோதரி. அதாவது சுல்தான் இபன் பதூதாவுக்குச் சகலை. அப்படியிருந்தும் கைதிகளைக் கழுவேற்றியதையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் நேரில் பார்த்துக் கண்டித்தே எழுதுகிறார். சொந்தக்காரரைப் பற்றிய பாதகமான சாட்சி என்பதால் இதற்கு எடை அதிகம். போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் போரில் பிடிபட்டது அவர் கேட்ட செய்தி. வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்ட வல்லாளரின் தோல், பார்த்த செய்தி. ஒரே நிகழ்வில் இரண்டும் இருப்பதால் இந்த உதாரணத்தைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளைநோயில் நகரமே செத்துக்கொண்டிருந்தபோது தமக்கு வந்த காய்ச்சலுக்குப் புளிக்கரைசல் குடித்துப் பிழைத்ததாகவும் சொல்கிறார். தேர்வுக்கு வேண்டாம், மறக்காமல் இருக்க உதவும்.

பொருத்துக வினாவுக்கு மற்ற பயணிகள்: அல்பெரூனி குவாரிஸம், கிதாப்-உல்-ஹிந்த், கஜினி முகமது காலம். அப்துர் ரசாக் விஜயநகரத்துக்கு வந்தது 15-ஆம் நூற்றாண்டு. மார்க்கோ போலோ வெனிஸ், பாண்டிய நாடு. ரிஹ்லாவின் மொழி அரபு. டெல்லி அரசவை மொழியை வைத்துப் பாரசீகம் என்று குறித்துவிடுகிறார்கள்.

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் வரலாற்று விருப்பப் பாடத்திட்டத்தில் "இபன் பதூதாவின் குறிப்புகள்" என்று தனியாகவே உண்டு. பத்து மதிப்பெண்ணுக்கு 150 சொற்கள் என்றால் பிறப்பு, ஊர், பயண வழி எல்லாம் 25 சொற்களைத் தாண்ட வேண்டாம். அஞ்சலுக்கும் நகரத்துக்கும் 50, மதுரைக்கு 30, மிச்சத்தை நூலின் குறைகளுக்கு ஒதுக்குங்கள்.