ஜாக்கி தூக்கும், தாங்காது

மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறக்கூடாது என்று எங்கள் வாசல் தளத்தைத் தெருப்பக்கம் சரிவாகப் போட்டிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் பெய்கிற மழைக்கு அந்தச் சரிவு வேண்டும். போன மாதம் அதே சரிவுதான் எங்களைப் பதறவைத்தது.

வீடு தேவனாம்பட்டினம் போகிற வழியில். கடல் காற்று இரும்பை விட்டுவைக்காது. காரின் பின்சக்கர பிரேக் டிரம் இரண்டும் துருப்பிடித்துக் கிறீச்சிட்டன. கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று அக்கா மகனும் நானும் உட்கார்ந்தோம். டிரம் வெளியே வர ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட வேண்டும், இறக்கினேன். கியர் நியூட்ரலில் இருந்ததைக் கவனிக்கவில்லை. டிராலி ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி முடித்தபோது வண்டி தெருவை நோக்கி மெல்ல நகர்ந்தது. ஜாக்கிக்கும் சக்கரம் உண்டு அல்லவா, அதுவும் கூடவே உருண்டது. ஒரு முழம் போயிருக்கும். சிமெண்டுத் தளம் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஜாக்கியின் சக்கரம் புதைந்து நின்றது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற இரும்பு ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு அக்கா மகன் அப்போதுதான் குனியப் போனான். "மாமா!" என்று அவன் கத்திய குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பெரும்பாலான சின்னக் கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். முன்பக்கத்தைத் தூக்கினால் அது உதவும். பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டால் அது இருந்தும் பயனில்லை. எங்கள் வண்டியில் இழுப்பது முன்சக்கரம், அதனால் முதல் கியரில் போட்டிருந்தால் பிடித்திருக்கும். ஆனால் முன்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கும்போது கியரை நம்ப முடியாது. இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருப்பதால் அந்தரத்தில் இருக்கிற சக்கரம் சுற்றிக்கொள்ளும், தரையில் இருப்பது உருளும். அதனால் தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுவதை இப்போது நான் ஒரு நாளும் விடுவதில்லை. முடிந்தால் சமதரையாகவும் பார்த்துக்கொள்கிறேன்.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடுவோம். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் வண்டி ஆடும்.

ஜாக்கி வைக்கிற இடத்தைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டு விளிம்பில் அந்த இடத்துக்கு அடையாளம் இருக்கும். நம் ஊர் வண்டிகளில் அதை விரலால் அழுத்திப் பார்ப்பது நல்லது. துரு தின்ற தகடு ஜாக்கிமேல் அப்பளம் போல நொறுங்கும்.

அப்புறம் ஸ்டாண்டு. எண்ணெய் அழுத்தத்தில் தூக்குகிற ஹைட்ராலிக் ஜாக்கியில், எண்ணெயை அடைத்து வைக்கிற சீல் கசிந்தால் வண்டி சத்தமில்லாமல் இறங்கும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் எச்சரிக்கை தராமல் உடையும். 800 கிலோ வண்டி மார்மேல் இறங்கினால் மூச்சுவிட இடம் இருக்காது. ஸ்டாண்டு வைத்து, வண்டியை அதன்மேல் இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே கை போகலாம். மணல் தரையில் ஸ்டாண்டின் கால் புதையும், சிமெண்டுத் தளத்தில் வையுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள், அதுவும் ஒரு காவல்.

அன்று வேலையை நிறுத்திவிட்டோம். மறுநாள் தச்சுப் பட்டறையில் ஆப்பு வடிவத்தில் நாலு கட்டை வெட்டி வாங்கினேன். அக்கா மகன் அவற்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, ஜாக்கியின் கைப்பிடியிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். கட்டையை அவிழ்க்காமல் ஜாக்கியை எடுக்க முடியாது.