காத்துக்கு வாசல், குருவிக்குச் சுவரு

ஆனி பொறந்தா போதும், தென்காசில குடை பிடிக்க முடியாது, அம்புட்டு காத்து. செங்கோட்டைக் கணவாய் வழியா வருது பாத்துக்கிடுங்க, குத்தாலத்துக்குச் சாரலைக் கொண்டாறதும் அதுதான். சின்னப்புள்ளைல இருந்து அந்தக் கணவாயை ஒரு வாசலாத்தான் நெனைச்சிருந்தேன், ஒரு குருவிக்கு அது சுவரா இருக்கும்னு தோணுனதே இல்ல.

அகத்தியமலை மேல சோலைக்காட்டுக்குள்ள நீலமா, வெள்ளை வயிறோட ஒரு குருவி இருக்கு. கணவாய்க்கு வடக்க ஆனைமலை, பழனில இருக்கறதும் இதுவும் ஒண்ணுன்னுதான் ரொம்ப காலம் நெனைச்சாங்க, 2017-லதான் டிஎன்ஏ, உடம்பளவு, பாட்டு எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு இது தனி இனம்னு சொன்னாங்க. உச்சிக் குளுருலயே இருந்து பழகுனது, கீழ வெக்கைல எறங்கி அந்தப் பக்கம் போகாது.

டிஎன்ஏ-வை நகல் எடுக்கும்போது அங்கங்க எழுத்துப் பிழை விழும். நமக்கே, பொறக்குற ஒவ்வொரு புள்ளைக்கும் அம்மா அப்பா ரெண்டு பேருட்டயும் இல்லாத புது எழுத்து ஒரு 60, 70 இருக்கும். கணவாய்க்கு இந்தப் பக்கம் விழுந்த பிழை அந்தப் பக்கம் போய்ச் சேராது, அங்க விழுந்தது இங்க வராது, கூட்டம் சின்னதா இருந்தா வாரிசு இல்லாமப் போன ஒண்ணு ரெண்டு குருவியோட அதுங்ககிட்ட மட்டும் இருந்த எழுத்தும் அழிஞ்சிரும், இப்படியே லட்சக்கணக்கான வருசம் போனா ரெண்டும் வேற வேறதான்.

ஒரு கூட்டத்துக்குள்ள இந்த எழுத்து எவ்வளவு வேறுபடுதுன்னு எப்படி அளக்கறதுன்னு 1966-ல சிகாகோல லெவோன்டின், ஹப்பின்னு ரெண்டு மரபணு ஆராய்ச்சியாளருங்க காட்டுனாங்க. காட்டுல பிடிச்ச பழ ஈயோட வம்சத்தை எடுத்து, அதை அரைச்சு, ஜெல்லுல வச்சு கரண்ட் விட்டாங்க. மரபணுல எழுத்து மாறி, அதுல இருந்து உண்டாகுற புரதத்தோட மின்னூட்டமும் மாறியிருந்தா, அந்தப் புரதம் ஜெல்லுல ஓடுற வேகம் மாறும், சாயம் போட்டா கோடு தள்ளி நிக்கும். 18 மரபணு பாத்ததுல, ஒரு கூட்டத்துக்குள்ள சராசரியா 30 சதவீதத்துல ஒண்ணுக்கு மேல வடிவம் இருந்துச்சு. ஒரு ஈயை மட்டும் எடுத்துக்கிட்டாலும் சுமார் 12 சதவீத மரபணுல அம்மா குடுத்ததும் அப்பா குடுத்ததும் வேற வேற. அதுக்குப் பேரு ஹெட்டரோசைகோசிட்டி. அவ்வளவு வேறுபாடு இருக்கும்னு பலபேரு எதிர்பாக்கவே இல்ல.

எனக்கு அந்த எண்ணு ரொம்ப முக்கியமாப் படுது. காட்டுல எத்தனை தலைன்னு எண்ணுதோம், சந்தோசப்படுதோம், ஆனா அத்தனையும் நெருங்குன சொந்தத்துக்குள்ளயே பெத்துப் பெருகுனதா இருந்தா, ஒரு புது நோய் வந்தா தாங்குறதுக்கு வேற வடிவம் அந்தக் கூட்டத்துல இருக்காதே!

இப்ப உசுரைப் பிடிக்கவும் வேண்டாம், அரைக்கவும் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க நீலகிரி யானையும் தெக்க ஆனைமலை, பெரியாறு யானையும் மரபணுல வேறன்னு லத்தியை வச்சே கண்டுபிடிச்சிருக்காங்க. லத்தியோட மேல்பரப்புல குடல் செல்லு ஒட்டியிருக்கும், அது காயறதுக்குள்ள கொஞ்சூண்டு சுரண்டி எடுத்தாப் போதும்.