மூன்று நோட்டீஸ், ஒரே பல்கலைக்கழகம்

போன சேர்க்கை சமயத்தில் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு அப்பா வந்தார். மஞ்சப்பைக்குள்ளிருந்து மூன்று நோட்டீஸை எடுத்து என் மேஜையில் பரப்பினார். "ஏம்மா, இது மூணும் ஒரே காலேஜா, வேற வேறயா?"

மூன்றும் எங்கள் பல்கலைக்கழகத்துத் துறைகள் அச்சடித்தவைதான். ஒன்றில் பெயர் முழுசாக இருந்தது. இன்னொன்றில் ஆங்கிலச் சுருக்கம் மட்டும். மூன்றாவதில் துறையின் பெயர்தான் கொட்டை எழுத்தில்; சின்னத்தில் உள்ள குத்துவிளக்கைப் பக்கவாட்டில் இழுத்து அண்டா மாதிரி ஆக்கியிருந்தார்கள். இதைக் கேட்பதற்காக அந்த மனிதர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

மக்கள் தொடர்புப் பிரிவில் எனக்கு இது ஒன்பதாவது வருஷம். ஒவ்வொரு துறைக்கும் தனி அச்சகம், தனி ஃப்ளெக்ஸ் கடை. தன் துறை மேல் இருக்கிற பாசத்தில்தான் செய்கிறார்கள், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் பெயர் லேசான விஷயம் இல்லை. 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம், 1978இல்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. அதற்கு முன்பே பட்டம் வாங்கிய என் சித்தப்பா, சான்றிதழைக் காட்டுகிற இடத்திலெல்லாம் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று விளக்கம் சொல்லியே ஓய்ந்தார்.

சரி, இப்போது சின்னத்துக்கு ஒரே ஃபைல், பெயருக்கு ஒரே எழுத்து. பிரஸ்ஸுக்குப் போகும் முன் புரூஃப் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்துவிட வேண்டும். இது பாதி வேலைதான்.

மீதிப் பாதி, சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று தேடுவது. போன மாதம் ஒரு துறையிலிருந்து கருத்தரங்கச் செய்திக்குறிப்பு வந்தது. முதல் பன்னிரண்டு வரியும் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை. கடைசி வரியில், மல்லிகை மொட்டு பற்றி ஒரு ஆய்வு மாணவி கட்டுரை வாசித்தார் என்று இருந்தது. நேரே அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். விடியும் முன்பே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நின்று மொட்டு வாங்கி, எந்தப் பையில் வைத்தால் எத்தனை மணி நேரம் மலராமல் தாங்குகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறாளாம். ஓரம் சுருண்ட அந்த நோட்டில் பூ வாசனை இன்னும் இருந்தது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்கே தெரியும். அந்தப் பூவுக்காக நம் வளாகத்துப் பிள்ளை ஒருத்தி தூக்கம் முழித்து நிற்பது யாருக்குத் தெரியும்?

கடைசி வரியை முதல் வரியாக்கி, மாலை நான்கு மணிக்குள் நிருபர்களுக்கு அனுப்பினேன். வாழ்த்துரை சொன்னவர்களில் இரண்டு பேருக்கு வருத்தம். நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தேன். மறுநாள் படத்தோடு வந்தது. அப்புறம் திருமங்கலத்துப் பூ விவசாயி ஒருவர் துறைக்கே போன் போட்டு, "அந்தப் பொண்ணு மறுபடி எப்ப மார்க்கெட்டுக்கு வரும்? எங்க தோட்டத்துப் பூவையும் பார்க்கச் சொல்லுங்க" என்றாராம்.

வியாழக்கிழமை அவளோடு நானும் போகிறேன்.