பிடி அரிசியும் பிரியாணி டோக்கனும்

போன வருஷம் எங்கள் சபை அறுப்பின் பண்டிகையில் பிரியாணி டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. சந்தா நோட்டைப் பார்த்து, குடும்பத்துக்கு இத்தனை என்று கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பெண்பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றார்கள். நோட்டில் பேர் இல்லை, தமிழும் தெரியவில்லை. "டோக்கன் நஹி" என்று எனக்குத் தெரிந்த இந்தியை எடுத்துவிட்டேன், போய்விட்டார்கள். ஒருத்தி கையில் பைபிள் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நான் இருப்பது திருப்பூர். எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். அதாவது, நாங்களும் வந்தேறிகள்தான். இப்போது அதே கம்பெனிகளில் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகள் தைக்கிறார்கள், செக்கிங் பார்க்கிறார்கள், பேக்கிங் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காதர்பேட்டைப் பக்கம் போனால் காதில் விழுவதில் பாதி இந்தி.

இதில் எனக்கு உறைக்கிற விஷயம் ஒன்று உண்டு. பாளையங்கோட்டையில் 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்த காலத்திலிருந்து நம் ஊர்ச் சபைகள் வெளி மாநிலங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. என் ஆச்சி சோறு வடிக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு, மாசக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுபோவாள். பிடி அரிசிக் காணிக்கை. அவள் பார்த்தே இராத ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் இருக்கிற மால்தோ என்ற பழங்குடி ஜனங்களுக்காக ஜெபம் பண்ணுவாள். அந்த ஜார்க்கண்ட் இப்போது ரயில் ஏறி நம் வாசலுக்கே வந்து நிற்கிறது. நாமோ டோக்கன் இருக்கிறதா என்று கேட்கிறோம்.

அந்த நாலு பேரும் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டம் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஹாக்கிக்குப் பேர்போன இடம், கிட்டத்தட்ட பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். ராஞ்சிக்கு ஜெர்மனியிலிருந்து காஸ்னர் மிஷனெரிகள் வந்தது 1845இல், அங்கே உருவான லுத்தரன் சபை 1919லேயே தன் காலில் நிற்க ஆரம்பித்துவிட்டது. நம்முடைய சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, பிறந்ததே 1947இல்தான். நாமோ அவர்களுக்கு ஏதோ புதிதாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் மாதிரி சுவிசேஷக் கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். ரூர்கேலா வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கே தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் பிடித்து, ரெண்டு ராத்திரி உட்கார்ந்து வந்த பிள்ளைக்குத் தேவை உட்கார ஓர் இடம், தன் பாஷையில் ஒரு பாட்டு, இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒரு ஆள்.

இந்த உதவியை இந்து, முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அப்படியே செய்ய வேண்டும், பதிலுக்கு ஒரு அல்லேலூயா எதிர்பார்க்காமல். 2023 மார்ச்சில் வடநாட்டுத் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி ஜனங்கள் பயந்துபோய் ஸ்டேஷனுக்கு ஓடினார்களே, அன்றைக்கு "பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்ல அவர்கள் போன் நம்பர்கூட எங்கள் சபையில் ஒருவரிடமும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். முதலில் நேரத்தைப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி வரை மெஷினில் உட்கார்ந்த பிள்ளை ஞாயிறு காலை எட்டு மணி ஆராதனைக்கு எப்படி வரும்? எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு அக்காக்கள் அந்தப் பிள்ளைகள் தங்கியிருக்கும் ஹாஸ்டலுக்கே போய் வார்டனிடம் பேசினார்கள். முதல் தடவை கேட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை போய், யார் கூட்டிப்போவது, எத்தனை மணிக்குத் திரும்ப விடுவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. ஞாயிறு நாலு மணி, கோயில் பக்கத்து ஹால், பிரசங்கம் கிடையாது. அவர்களே இந்தி பைபிள் வாசிப்பார்கள், தங்கள் ஊர் சாத்ரி பாஷையில் பாடுவார்கள், ஒரு பையன் எங்கிருந்தோ மாந்தர் மேளம் கொண்டு வந்தான். டீ, சுண்டல். அவ்வளவுதான்.

கமிட்டியில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. மேளச் சத்தம், செருப்பு சிதறிக் கிடக்கிறது, ஹால் கரண்ட் பில் என்று தினுசு தினுசாக வந்தது. "பாஷை தெரியாதவங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று கேட்ட பெரியவரின் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய வீட்டம்மா அவரைப் பார்த்த பார்வையே போதுமாயிருந்தது.

இப்போதைய பிரச்சினை ஆட்டோ. ஆறரைக்குள் ஹாஸ்டல் போய்ச் சேர வேண்டும், பஸ்ஸை நம்ப முடியாது, இதுவரை அந்த அக்காக்கள் கைக்காசைப் போட்டு அனுப்புகிறார்கள். வருகிற கமிட்டியில் மிஷனெரி காணிக்கையிலிருந்து இதற்கு ஒரு பங்கு கேட்கப் போகிறேன். "அது வடநாட்டு ஊழியத்துக்கு வச்சிருக்கிற பணம்" என்று யாராவது எழுந்து சொல்வார்கள், பாருங்கள்.