பார்க் இடத்தில் பாதியை விட்டுவைத்தோம்

கும்பகோணத்தில் அரசலாற்றுக்குத் தெற்கே புதிதாக முளைத்த நகர்களில் எங்களுடையதும் ஒன்று. முன்பு எல்லாம் நஞ்சை. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. அப்படி விட்ட இடத்தில் சீமைக்கருவேலமும் வீடு கட்டிய மிச்சமும்தான் கிடந்தன. ஊராட்சியில் அனுமதி வாங்கி, தெருவில் சிலர் சேர்ந்து அதைப் பூங்காவாக்கும் வேலையைத் தொடங்கினோம்.

தாழ்வான கிழக்கு மூலையை மண் கொட்டித் தூர்க்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அங்கேதான் பழைய வயல் வாய்க்கால் ஓடியது. அந்த மூலையை இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டி, கரையைச் சாய்வாக விட்டோம். தவளையும் ஏறலாம், தவறி இறங்கிய குழந்தையும் ஏறலாம். வெட்டிய மண்ணில் மேற்குப் பக்கம் மேடாகி, பெரியவர்கள் உட்காரும் இடமும் பிள்ளைகள் விளையாடும் இடமும் அமைந்தன. ஐப்பசி மழையில் தெருவில் நிற்கும் தண்ணீர் இப்போது இந்தக் குட்டைக்கு வந்து, வாய்க்கால் வழியாக வெளியே போகிறது.

கொசு வருமே என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டெங்கு கொசு தேடுவது தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத தொட்டி மாதிரி இடங்களை. மீனும் தட்டானின் இளம்புழுவும் இருக்கும் தண்ணீரில் கொசுப்புழு தப்புவது கடினம். வாய்க்கால் தண்ணீரோடு பொடி மீன்கள் தாமாகவே வந்துவிட்டன. வீடுகளின் கொல்லையில் கிடந்த சிரட்டைகளைப் பொறுக்குவதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருந்தது.

அடுத்தது பாம்பு. “புதர் வச்சா பாம்பு வரும் தம்பி” என்று எதிர்வீட்டு அக்கா சொன்னதும் சரிதான். சாரை வரும், எலியைத் தின்னும். ஆனால் நல்ல பாம்பும் அதே எலியைத் தேடி வரலாம். அதனால் பாதைக்கும் புதருக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்குத் தரையில் படரும் பொடுதலைச் செடியை வைத்தோம். நொச்சி, ஆடாதொடை இரண்டிலும் அடிக்கிளைகளை ஓரடிக்குக் கழித்தோம். தரை தெரிந்தால் பயம் பாதி போய்விடும். அந்த மூன்றடியை ஒழுங்காக வைத்திருந்தால், உள்ளே எவ்வளவு அடர்ந்திருந்தாலும் யாரும் காடு மண்டிவிட்டது என்று சொல்வதில்லை. மனிதர்களும் மற்ற உயிர்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமானால் முதலில் கவனிக்க வேண்டியது இந்த ஓரத்தைத்தான் என்பது என் முடிவு.

கொரியன் புல்லை விடப் பொடுதலை நம் களிமண்ணுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. வயல் வரப்பில் இருந்து கொண்டுவந்ததுதான். தண்ணீர் நின்றாலும் அழுகவில்லை, சித்திரையில் வாடினாலும் முதல் மழைக்குத் துளிர்த்துவிட்டது. தரையோடு தரையாக இருக்கும் அதன் சின்னப் பூக்களில் காலையில் கொசுத்தேனீ, நகம் அளவு நீல வண்ணத்துப்பூச்சி எல்லாம் மொய்க்கும். பொடுகுத் தைலம் காய்ச்ச ஒரு பாட்டி வாரம் தவறாமல் பறித்துப் போகிறார்.

எருக்குக்குத்தான் எதிர்ப்பு அதிகம். வீட்டு வாசலில் ஆகாது, சரி, மூலையில் இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். இலையின் அடியில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு இருந்தது: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள், முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பெரும்பாலான பறவைகள் அதைச் சீண்டுவதில்லை. பிள்ளைகள் அதைப் பார்க்கத் தினமும் வருகிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டவும் அந்தச் செடியில்தான் பூ பறித்தோம்.

இன்னும் முடியாதது விளக்கு. நடுவில் உயரமாக ஒன்று வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. வெள்ளை வெளிச்சத்தில் விட்டில்கள் இரவெல்லாம் சுற்றிச் சோர்ந்து விழுவதைத் தெருவிளக்கடியில் தினமும் பார்க்கிறோம். பாதையோரம் முழங்கால் உயரத்தில், தரையை மட்டும் பார்க்கும் மஞ்சள் விளக்குகள் போதும் என்பது என் வாதம். நடக்கிறவர்களுக்கு வெளிச்சம் கிடைக்கும், குட்டைப் பக்கம் இருட்டாகவே இருக்கும். மாதிரிக்கு இரண்டு விளக்குகளை மாட்டிக் காட்டப்போகிறேன். மழை பிடிப்பதற்குள் குட்டைக்கரையில் மருதமும், மேட்டில் ஓர் இலுப்பையும் நட்டாக வேண்டும்.