எத்தியென் என்ற பெயரும் அதன் ஆட்களும்

பிரெஞ்சுக் கவிஞர் ஸ்தெஃபான் மல்லார்மே 1842-இல் பிறந்தபோது பதிவேட்டில் ஏறிய பெயர் எத்தியென் (Étienne). ஆஃப்ரிகான்ஸ் மொழியில் நாவல் எழுதிய தென்னாப்பிரிக்கர் எத்தியென் லெரூவுக்கு வீட்டில் வைத்த பெயரோ ஸ்தெஃபானுஸ். அவர் இங்கிருந்து அங்கே போனார், இவர் அங்கிருந்து இங்கே வந்தார். எத்தியென்களைப் பட்டியல் போட உட்காருபவர் இந்த இருவரை வைத்துத்தான் முதலில் விதியை முடிவு செய்துகொள்ள வேண்டும். உலகம் ஒருவரை எந்தப் பெயரால் அழைத்ததோ அதையே கணக்கில் எடுப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் மல்லார்மே வெளியே, லெரூ உள்ளே.

இரண்டு பெயருக்கும் வேர் ஒன்றே. கிரேக்கத்தில் ஸ்தெஃபனோஸ் என்றால் மகுடம், சூடும் மாலை. கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் கிறிஸ்தவ மறைசாட்சியின் பெயர் அது. தமிழ்க் கத்தோலிக்கர் இதை ஒலிபெயர்க்காமல் பொருள்பெயர்த்து ‘முடியப்பர்’ ஆக்கினார்கள். முடி சூடிய அப்பர்! இதைவிட அழகான மொழிபெயர்ப்பு இந்தப் பெயருக்கு வேறெங்கும் நான் பார்த்ததில்லை. விவிலியத்தில் அவர் ஸ்தேவான். பிரான்சில் அவருடைய திருநாளான டிசம்பர் 26-தான் எத்தியென்களின் பெயர்நாள்.

ஸ்தெஃபனோஸ் எப்படி எத்தியென் ஆனது என்பது தமிழருக்குச் சட்டென்று விளங்கும். ஸ்டேஷனை ‘இஸ்டேஷன்’ என்றும் ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்றும் சொல்கிறோம் அல்லவா? பழைய பிரெஞ்சு நாக்கும் இதையேதான் செய்தது. முன்னால் ஓர் எகரம் சேர்ந்து ‘எஸ்தியென்’ ஆயிற்று. பிறகு நடுவிலிருந்த ‘ஸ்’ பேச்சில் தேய்ந்து போனது. ஆனாலும் எழுத்தில் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று முதல் எழுத்தின் தலைமேல் இருக்கும் சாய்கோடு அது இருந்த இடத்தைக் காட்டுகிறது. பள்ளிக்கும் (எகோல்) விண்மீனுக்கும் (எத்துவால்) நடந்ததும் இதே கதைதான். சேந்த்-எத்தியென் நகரத்துக்காரர்களைப் பிரெஞ்சில் ‘ஸ்தெஃபனுவா’ என்பார்கள். ஊர்ப்பெயரில் தொலைந்த ஒலி ஊர்க்காரர் பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பழைய எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டது எஸ்தியென் அச்சகக் குடும்பம். ரொபேர் எஸ்தியென் 1551-இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் போட்ட வசன எண்கள்தான் இன்று நம் தமிழ் விவிலியத்திலும் இருப்பவை. ஆனால் எஸ்தியென் இவர்களுக்குக் குடும்பப்பெயர். எவ்வளவு ஆசை இருந்தாலும் இவர்களைப் பட்டியலில் சேர்க்க முடியாது.

குடும்பப்பெயர் விஷயத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. எத்தியென் மார்செல் என்பதில் இரண்டுமே இட்டபெயர் போலத் தெரியும். மார்செல் என்பது குடும்பப்பெயர். பாரிஸ் வணிகர்களின் தலைவராக இருந்து அரசரின் வாரிசையே எதிர்த்து நின்றவர், 1358-இல் கொல்லப்பட்டார். பாரிஸ் மெட்ரோவின் 4-ஆம் தடத்தில் அவர் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. எத்தியென் ழொஃப்ருவா சேந்த்-இலேர் (1772–1844) என்ற விலங்கியலாளர் விஷயம் இன்னும் சிக்கல். ‘ழொஃப்ருவா சேந்த்-இலேர்’ முழுவதும் அவர் குடும்பப்பெயர். ‘சேந்த்-இலேர், எத்தியென் ழொஃப்ருவா’ என்று அகரவரிசையில் போட்டால் பிழை. போதாக்குறைக்கு அவருக்கு முன்பே எத்தியென்-ஃபிரான்சுவா ழொஃப்ருவா (1672–1731) என்று ஒரு வேதியியலாளரும் இருந்தார். எந்தப் பொருள் எதோடு முந்திச் சேரும் என்று 1718-இல் அட்டவணை போட்டவர் அவர். இவர்கள் பெயரோடு ஆண்டுகளைக் கட்டாயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் இருவர் ஒருவராகிவிடுவார்கள்.

பாஸ்கலுக்கும் இதே கதிதான். வடிவியலில் ‘பாஸ்கலின் லிமாசோன்’ என்று நத்தை போல் சுருண்ட வளைவு ஒன்று உண்டு. கணித மேதை பிளேஸ் பாஸ்கல் கண்டது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அது அவருடைய தந்தை எத்தியென் பாஸ்கலின் பெயரால் வழங்குவது. மகன் 1642-இல் செய்யத் தொடங்கிய கணக்கிடும் பொறியும் ருவானில் வரிக்கணக்கோடு மல்லாடிய இந்தத் தந்தைக்காகத்தான்.

நான் அதிகம் மதிக்கும் எத்தியென் ஒருவர் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ‘மாலஸ் விதி’ படித்தவர்களுக்கு அவருடைய குடும்பப்பெயர் மட்டும் தெரிந்திருக்கும்: எத்தியென்-லூயி மலூஸ். இராணுவப் பொறியாளர். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் ழொஃப்ருவா சேந்த்-இலேரும் இவரும் என இரண்டு எத்தியென்கள் இருந்தார்கள். 1808-இல் பாரிசில் தன் வீட்டிலிருந்தபடி, லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறித்த மாலை வெயிலைக் கால்சைட் படிகம் ஒன்றின் வழியே பார்த்தார். அந்தப் படிகம் எதையும் இரண்டாகக் காட்டும். படிகத்தைத் திருப்பத் திருப்ப ஓர் உருவம் மங்கியது, மற்றது பிரகாசித்தது. பிறகு அப்படியே மாறியது. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளி முனைவுற்றிருப்பதை, அதாவது அதன் அலைகள் ஒரே திசையில் அதிர்வதை, இப்படித்தான் கண்டுபிடித்தார். அவர் விதியைக் கணக்காகச் சொன்னால், முனைவுற்ற ஒளியின் முன், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகட்டை, முழு ஒளி வரும் நிலையிலிருந்து 30 பாகை திருப்பினால் முக்கால் பங்கு ஒளி வரும், 45-இல் பாதி, 60-இல் கால், 90-இல் ஒன்றுமில்லை. போலராய்டு குளிர்கண்ணாடியைக் கணினித் திரைமுன் பிடித்து மெல்லத் திருப்பினால் இது கண்முன் நடக்கும். மலூஸ் 36 வயதில் இறந்தார். ஐஃபல் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று, ஆனால் ‘எத்தியென்’ அங்கே இல்லை.

பலூன் பறக்கவிட்ட மோங்கோல்ஃபியே சகோதரர்களில் இளையவர் ழாக்-எத்தியென். பெயர் ழாக்கில் தொடங்கினாலும் அழைத்தது எத்தியென் என்றுதான், எனவே உள்ளே. எரிவாயு எந்திரத்துக்கு 1860-இல் காப்புரிமை பெற்ற ழான் ழோசெஃப் எத்தியென் லெனுவாரும் அப்படியே. 1759-இல் சுமார் எட்டு மாதம் நிதியமைச்சராக இருந்த எத்தியென் த சிலுவெத்தின் சிக்கனத்தைக் கேலி செய்யப்போய், அவர் பெயரே மலிவான நிழலுருப் படத்துக்குச் சொல்லாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் மறக்கக் கூடாத ஒருவர் எத்தியென் தொலே. சொல்லுக்குச் சொல் பெயர்க்காதே, மக்கள் வழங்கும் சொல்லை எடு என்று 1540-இலேயே விதி எழுதினார். பிளேட்டோவின் பெயரில் வழங்கிய ஓர் உரையாடலைப் பெயர்க்கையில், செத்தபின் நீ ‘ஒன்றுமேயில்லை’ என்று அழுத்திச் சொல்ல ஒரு தொடரைக் கூட்டியதும் அவர்மேல் குற்றமானது. 1546 ஆகஸ்ட் 3 அன்று பாரிசின் மொபேர் சதுக்கத்தில் எரித்தார்கள்.

ஹங்கேரியின் முதல் அரசரையும் இங்கிலாந்தின் ஸ்டீஃபன் அரசரையும் பிரெஞ்சு நூல்கள் எத்தியென் என்றே எழுதும். அது அந்த மொழியின் வழக்கம். தமிழ்ப் பட்டியலுக்கு அவர்கள் வேண்டாம்.

தட்டச்சில் வரும் தொல்லை தனி. விண்டோசில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 0201 அடித்தால் சாய்கோட்டோடு பெரிய எழுத்து வரும், சிறியதற்கு 0233. மேல்வரிசை எண்களில் அடித்தால் வராது. கைப்பேசியில் எழுத்தை அழுத்திப் பிடித்தாலே போதும். யுனிக்கோடில் 201 என்ற ஒரே குறியாகவும் அது இருக்கலாம், 69-உம் 769-உம் சேர்ந்த இரு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், தேடலில் ஒன்று மற்றதைப் பிடிக்காமல் போகும். எல்லாவற்றையும் ஒற்றைக் குறிக்கு மாற்றிவிட்டுத்தான் வரிசைப்படுத்த வேண்டும். குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலில் எத்தியென்கள் எல்லாரும் கடைசி எழுத்துக்கும் பின்னால் போய் நிற்பார்கள். தென்னாப்பிரிக்கர் பலர் சாய்கோடே போடுவதில்லை, ஆகவே இரு விதமாகவும் தேடுங்கள். தமிழில் ‘எட்டியன்னே’ வேண்டாம். பிரெஞ்சு ஒலி பல்லில் நாக்கு தொடும் தகரம், கடைசி எழுத்து ஊமை, அதற்கு முந்திய னகரம் தெளிவாக ஒலிக்கும்.

கதைமாந்தருக்கு நூல் வெளிவந்த ஆண்டைப் போடுங்கள். ‘லேடிஹாக்’ (1985) படத்தின் வீரன் எத்தியென் நவார் உள்ளே. எக்ஸ்-மென் காமிக்ஸ் நாயகன் கேம்பிட்டின் முழுப்பெயர் ரெமி எத்தியென் லெபோ, அழைப்பது ரெமி, ஆகவே வெளியே. எல்லாரிலும் பெரியவன் எமில் ஸோலாவின் எத்தியென் லாந்தியே. 1885-இல் வந்த ‘ழெர்மினால்’ நாவலின் நாயகன் என்று மட்டும் எழுதினால் பாதிதான். 1877-இன் ‘லாசொம்முவார்’ நாவலில் அவன் சலவைக்காரி ழெர்வேசின் சின்ன மகன். அங்கே அவளுக்குக் காதலன் லாந்தியேயால் பிறந்தவர்கள் குளோதும் எத்தியெனும் மட்டுமே. 1890-இல் ரயில் ஓட்டுநர் ழாக் லாந்தியேயின் கதையை எழுதும்போது ஸோலா புதிதாக ஒரு சகோதரனை நுழைத்து, ஊரில் விட்டுவந்த பிள்ளை என்று காரணம் சொன்னார். அதனால் ‘எத்தியெனின் சகோதரர்கள்’ என்று குறிப்பவர் எந்த ஆண்டு நூலின்படி என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.