ஓட்டைக் காலணாவும் புளி போட்டுத் தேய்ச்ச ராஜாவும்

இந்தக் கதைய எழுதணும்னு ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். நேத்து பீரோவ ஒதுங்க வெக்கும்போது அந்த ஒத்த ரூபா காசு கையில மாட்டுச்சு, பாத்ததும் மறுபடி வயிறு எரிஞ்சுது, சரி இன்னைக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

போன வருஷம் பத்தாவது பசங்கள ஒரு மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். 62 பசங்க, மூணு டீச்சர், ஒரே பஸ். உள்ள கால் வெச்சதுலேர்ந்து "தொடாத, சாயாத, நகரு நகரு"ன்னு ஒரு குரல் பின்னாடியே வருது, காசெல்லாம் வெச்சிருந்த கண்ணாடிப் பெட்டில ட்யூப்லைட் பட்டு எங்க மூஞ்சிதான் எங்களுக்கே தெரியுது, நாப்பதே நிமிஷத்துல வெளிய வந்துட்டோம். என்னடா பாத்தீங்கன்னு கேட்டா முக்காவாசி பேரு "திமிங்கல எலும்பு மிஸ்". காவலாளியையும் குத்தம் சொல்ல முடியாது, 62 பேரும் ஆளுக்கு ஒரு தொடு தொட்டா பொருள் என்னத்துக்கு ஆவும். ஆனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்குற காசு பசங்களுக்கு இன்னொரு படம், அவ்ளோதான். அது புக்குலயே இருக்கே.

எங்க தாத்தா பலசரக்குக் கடை வெச்சிருந்தவரு. அவரோட கல்லாவுல மிஞ்சின பழைய காசு ஒரு தகர டப்பா நெறைய எங்கிட்ட கெடக்கு. அதுல ஒம்போது காச எடுத்துட்டு, சயின்ஸ் லேப்ல கெஞ்சி ஒரு தராசு, ரெண்டு லென்ஸ், ஒரு காந்தம் வாங்கிட்டு கிளாசுக்குப் போனேன். ஒரு குரூப்புக்கு ஒரு காசு, புக்க மூடு, நான் எதுவும் சொல்ல மாட்டேன், பாத்தத மட்டும் எழுதுன்னுட்டேன். மொத கேள்வியே "மிஸ் இது எக்ஸாம்ல வருமா?" வராதுடா, பேசாம பாரு.

"காலணாவுக்குப் பிரயோஜனமில்ல"ன்னு வீட்ல திட்டு வாங்காத பய ஒருத்தனும் கிடையாது, ஆனா காலணாவ ஒருத்தனும் பாத்ததில்ல. நாலு காலணா சேந்தா ஒரு அணா, பதினாறு அணா ஒரு ரூபா, ஆக ரூபாய்க்கு 64 காலணா. எங்கிட்ட ரெண்டு காலணா இருந்துச்சு, ஒண்ணு ஐந்தாம் ஜார்ஜ் காலத்துது, இன்னொண்ணு 1943, நடுவுல பெரிய ஓட்டை. தராசுல வெச்சா பழசு அஞ்சு கிராம் பக்கத்துல நிக்குது, ஓட்டை ரெண்டு கிராம் கூட தேறல. மதிப்பு ஒண்ணேதான். ஏன் ஓட்டைன்னு கேட்டேன், நூல்ல கோக்கன்னான் ஒருத்தன், அரைஞாண் கயித்துல கட்டன்னா ஒருத்தி, கடைசியா பின் பெஞ்சுலேர்ந்து ஒருத்தன் எந்திரிச்சு "செம்பு மிச்சம் புடிச்சிருக்காங்க மிஸ்"ன்னான் பாருங்க, அப்பதான் ரெண்டாம் உலகப் போர் எங்க கிளாசுக்குள்ள வந்துச்சு. புக்குல ஹிட்லர் இருக்காரு, பேர்ல் ஹார்பர் இருக்கு, எல்லாம் எங்கயோ நடந்த மாதிரி இருக்கும். இங்க பாத்தா நம்ம ஊரு கிழவியோட சுருக்குப்பைல கெடந்த காலணாவ ஓட்ட போட்டு உலோகத்த உருவிருக்கான். அதே 1943லதான் வங்காளத்துல பஞ்சம் வந்து லட்சக்கணக்கான ஜனம் செத்துச்சுன்னு சொன்னப்ப ஒருத்தனும் பேசல.

அப்புறம் ரூபா. 1919 ரூபாய மேசை மேல சுண்டினா ணிங்ங்னு இழுக்கும், 1947 ரூபா டொக்குன்னு அடங்கிடும். காந்தத்த வெச்சுப் பாருங்கன்னேன், வெள்ளிக்காசு அசையல, 1947 போய் டப்புன்னு ஒட்டிக்கிச்சு, கிளாஸே கத்துது. அது நிக்கல். 1919 காசுல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல வெள்ளி, 1940ல அத பாதியாக் கொறைச்சாங்க, போர் முடிஞ்சப்புறம் அமெரிக்காகிட்ட கடனா வாங்கின வெள்ளியத் திருப்பிக் குடுக்க வேண்டியிருந்துச்சு, அதனால வெள்ளியே இல்லாம நிக்கலுக்குப் போயிட்டாங்க. ஒரு சாம்ராஜ்யம் ஓட்டாண்டி ஆனத இதவிட எப்பிடிங்க போர்டுல எழுதிக் காட்றது?

அந்த 1947 காசுல ஒரு பக்கம் புலி, இன்னொரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை. நம்ம சிங்கமுகக் காசு வந்தது 1950 ஆகஸ்ட் 15ல. "அப்ப சுதந்திரம் வந்தப்புறமும் மூணு வருஷம் ராஜா தலையையா மிஸ் வெச்சிருந்தோம்?"னு ஒரு பொண்ணு கோவமாக் கேட்டா. 1950 ஜனவரி 26 வரைக்கும் சட்டப்படி அவருதாம்மா நமக்கும் ராஜான்னு சொன்னேன், நம்பவே இல்ல. ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் என்ன வித்தியாசம்னு பதினோரு வருஷமா போர்டுல எழுதிப் போட்டுட்டிருக்கேன், ஒருத்தரும் கோவப்பட்டதில்ல.

மறுநாள் பசங்களும் கொண்டாந்தாங்க. அதுல நாலு பேரு கையில ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா, லட்சக்கணக்குல போகுமாம், வாட்ஸ்அப்ல வந்துச்சாம். கம்பெனி அப்பிடி ஒரு காசு அடிக்கவே இல்லடா, இந்தியா முழுசுக்கும் ஒரே மாதிரி காசுன்னு சட்டம் வந்ததே 1835லன்னு சொல்லி லென்ஸ குடுத்தேன். நாலு காசுலயும் கீறல் கூட ஒரே எடத்துல இருக்கறத அவனுங்களே கண்டுபுடிச்சானுங்க. ஒருத்தனுக்கு மட்டும் அழுகையே வந்துடுச்சு, பாவம், அத வித்து பைக் வாங்கறதா இருந்தானாம். ஹெச்எம் எட்டிப் பாத்து "போர்ஷன் முடிஞ்சுதா டீச்சர்?"னு கேட்டுட்டுப் போனாரு. முடியல.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வரேன். 1911ல ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டு புது ரூபா வந்துச்சு, ராஜா அங்கியில குட்டியா ஒரு யானை. தும்பிக்கை கட்டையாப் போய் பாக்க பன்னி மாதிரி இருக்குன்னு பெரிய ரகளை ஆயி, காசத் திருப்பி வாங்கி, 1912லேர்ந்து தும்பிக்கைய நீட்டி அடிச்சாங்க. எங்கிட்ட இருந்த 1919 காசுல அந்த யானை தேஞ்சு போயிருந்தாலும் லென்ஸுல தும்பிக்கை தெரியும், பசங்க வரிசைல நின்னு பாத்தானுங்க. ஒரு பையன் "எங்க ஆயாகிட்ட காட்டிட்டு நாளைக்குத் தரேன் மிஸ்"னு கேட்டான். ஆசையாக் கேக்குறானேன்னு குடுத்தேன், என் புத்திய சொல்லணும்.

காலையில வந்தான். கையில காசு பளபளபளன்னு கண்ணு கூசுது. "கறுப்பா இருந்துச்சு மிஸ், எங்க ஆயா புளியும் சாம்பலும் போட்டு ஒரு மணி நேரம் தேய்ச்சுக் குடுத்துச்சு, புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க!" மூஞ்சில அவ்ளோ பெருமை, என்னன்னு திட்டறது. நூறு வருஷமா ஏறின கறுப்பு ஒரு ராத்திரில போயிடுச்சு. லென்ஸ வெச்சுப் பாத்தா தும்பிக்கையக் காணோம், இப்ப அது நெசமாவே பன்னிதான்.

என் மூஞ்சி போன போக்கப் பாத்து வீட்ல என்ன சொன்னானோ தெரியல, மறுநாள் ஆயாவே ஸ்கூலுக்கு வந்துடுச்சு. "டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க, பழசுன்னா வெளக்கித்தான வெக்கணும்"னு சொல்லிட்டு முந்தானை முடிச்ச அவுத்து எதையோ எடுத்து என் கையில வெச்சுச்சு. ஓட்டைக் காலணா, 1945. அவங்க அம்மாவோட டிரங்குப் பொட்டி கைப்பிடி ஆடாம இருக்க வாஷரா போட்டிருந்ததாம். துருப்புடிச்ச ஆணி இன்னும் அதுலயே மாட்டிட்டிருக்கு. நான் புடுங்கல.